மூன்றாவது சிலிண்டரின் கணக்கு

தேய்ந்த என்ஜினைப் பற்றி எந்த மெக்கானிக்கிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "செஞ்சா முழுசா செய்யணும் தம்பி. போரிங் போட்டு, பிஸ்டன் செட் மாத்தி, கிராங்க் அரைச்சு, ஹெட் வேலையும் பார்த்துட்டா அப்புறம் கவலையே இல்ல. இல்லைன்னா கை வைக்காம, ஓடுற வரைக்கும் ஓட்டு." பல வருடமாக என் காரைப் பார்த்து வரும் அண்ணன் இப்படிச் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அந்த வேலைக்கு ஆகும் தொகையில் பாதிகூட என்னிடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. முழுசா, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லையா? பாதிப் பணம் வைத்திருப்பவன் செய்யக்கூடிய நேர்மையான வேலை என்று ஒன்று இருக்கவே முடியாதா?

கார் ஓடியிருந்தது 2,10,000 கி.மீ. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், வார்ப்பிரும்பு பிளாக். 800 கி.மீ. ஓடினால் ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போகும். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பே என்று எழுதும் கையேடுகளும் உண்டு. ஆனால் என் கார் அந்தக் கணக்கையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. ஏற்றத்தில் இழுவை இல்லை. புகை தாங்காமல் பின்னால் வருபவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதை நானே பார்த்தேன். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க மருந்து கொடுத்தே ஓட்டினேன். கெட்டியான ஆயில், புகையைக் குறைப்பதாகச் சொல்லும் டப்பா, கம்ப்ரஷனைக் கூட்டுவதாகச் சொல்லும் இன்னொரு டப்பா. கெட்டி ஆயிலுக்குப் புகை கொஞ்சம் அடங்கியதுபோல இருந்தது. ஆனால் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேர நேரம் பிடிக்கும், அந்தச் சில நொடிகளில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் காய்ந்துபோய் ஓடும். எரிந்துபோகும் ஆயிலும் சும்மா போவதில்லை. தேய்மானத்தைக் குறைக்க ஆயிலில் சேர்த்திருக்கும் பாஸ்பரஸ், புகையோடு போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் படிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். அந்த ஒரு வருடத்தில் டப்பாக்களுக்கும் ஊற்றிய ஆயிலுக்கும் போட்ட பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, நான்கு சிலிண்டருக்கும் ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி மாட்டி, சுவரோடு உள்ள இடைவெளியை அடைக்கும் வளையங்கள்) வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் இந்த முறை வேறு மாதிரி செய்வது என்று முடிவு செய்தேன். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு எந்தப் பொருளுக்கும் போகக் கூடாது, அளப்பதற்குப் போக வேண்டும்.

திறப்பதற்கு முன்

புகை வரும் நேரத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கிறது. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுப் போய், மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் சந்தேகம் வால்வு சீல், வால்வு கைடு பக்கம்தான், ஏனென்றால் த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் உறிஞ்சும் விசை அதிகம். பாரம் ஏற்றி மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால் ரிங்குகளைத்தான் பார்க்க வேண்டும். என் காரில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். பி.சி.வி. வால்வு. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் சேரும் வாயுவை இன்டேக்கிற்குத் திருப்பி அனுப்பும் சின்னச் சமாச்சாரம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த வழியிலெல்லாம் ஆயில் வெளியேறும். என்ஜினில் மிக மலிவாக மாற்றக்கூடிய பாகங்களில் அது ஒன்று. அதை மாற்றினேன். 800 கி.மீ. 900 ஆனது. ஆக, நோய் வேறு இடத்தில்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்ப்பது. என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று சுற்றவிட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. எனக்கு வந்தவை 165, 160, 110, 155 பி.எஸ்.ஐ. சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பொது வழக்கம். மூன்றாவது சிலிண்டர் மட்டும் பள்ளத்தில் கிடந்தது. அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், 150 காட்டியது. வால்வு ஒழுகினால் ஆயில் விட்டாலும் எண் ஏறாது. ரிங் ஒழுகினால், அந்த ஆயில் இடைவெளியை அடைத்துக்கொள்ள, எண் ஏறும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மூன்றாவது பிஸ்டனை, இரண்டு வால்வுப் பக்கமும் மூடியிருக்கும்படி, உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக் காது வைத்துக் கேட்டேன். சைலன்ஸரில் சத்தமில்லை, இன்டேக்கில் சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே புஸ்ஸென்று காற்று.

ஆயில் அழுத்தத்தையும் அளந்தேன். டாஷ்போர்டு விளக்கை நம்பாமல், சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரைப் பொருத்தி. சூடான என்ஜினில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 45 பி.எஸ்.ஐ. ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்லும் பழைய கணக்குக்கு இது நன்றாகவே தேறும். பின்னால் நான் எடுத்த முடிவுகளில் ஒன்று இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

பழைய ரிங்கும் ஃபீலர் கேஜும்

என்ஜினைக் காரிலிருந்து இறக்கவில்லை. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால், கனெக்டிங் ராட் மூடிகளைப் பிரித்துப் பிஸ்டனை மேல் வழியாகத் தள்ளி எடுத்துவிடலாம். எல்லாக் காரிலும் இது சாத்தியமில்லை, என்னுடையதில் சாத்தியமாக இருந்தது. தள்ளுவதற்கு முன் சிலிண்டரின் வாய்ப்பக்கத்தை நகத்தால் தடவினேன். மெல்லிய மேடு தட்டியது. மேல் ரிங் அந்த இடம் வரை வருவதே இல்லை, அதனால் அங்கே உலோகம் தேயாமல் அப்படியே நிற்கும், அதற்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் எல்லாம். உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடம் அது. எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான் அதிகம், ஆயில் படலம் மெலிவதும் அங்கேதான். இந்த மேட்டைச் சீவாமல் புது ரிங் போட்டால், கூரான புது விளிம்பு அதில் மோதி உடையும். பாதி வேலை செய்பவர்கள் பெயர் கெடுவதற்கு இந்த மேடும் ஒரு காரணம்.

மூன்றாவது பிஸ்டனை எடுத்துப் பார்த்தபோது கதை புரிந்தது. மேல் ரிங் தன் பள்ளத்துக்குள் கரியோடு சேர்ந்து உறைந்து போயிருந்தது. விரலால் அழுத்தினால் அசையவே இல்லை. நான்கு பிஸ்டனிலும் ஆயில் ரிங்கின் துளைகள் கரியால் மூடியிருந்தன. சுவரிலிருந்து வழித்தெடுத்த ஆயில் திரும்பிக் கீழே போக வழியில்லாமல் மேலே ஏறி எரிந்திருக்கிறது. இதைத்தான் ஒரு வருடமாகக் கெட்டி ஆயில் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்தேன்.

இப்போது பெரிய கேள்வி. போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது? போரிங் போட்டு, அதாவது சுவரைக் கடைந்து அகலமாக்கியே ஆக வேண்டுமா, ரிங் மட்டும் மாற்றினால் போதுமா? சரியாக அளக்க, உள்விட்டத்தைக் காட்டும் போர் கேஜ் வேண்டும், என்னிடம் இருந்தது இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ்தான். ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தாங்கவில்லை. பழைய ரிங் ஒன்றை எடுத்து, சிலிண்டரின் அடியில், பிஸ்டன் ரிங்குகள் எட்டாத தேயாத பகுதியில் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி ரிங்கை மட்டமாக்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே, அதிகம் தேய்ந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும், அந்தக் கூடுதல் முழுவதும் ரிங் முனைகளின் இடைவெளியில் வந்து நிற்கும். அதனால் இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் தேய்மானம் வந்துவிடும். ரிங் பழசா புதுசா என்பது இங்கே பொருட்டே இல்லை, வித்தியாசம்தான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்கு ஒரு சின்ன அளவை மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. வரை பிரித்தறிய முடிந்தால், விட்டத்தில் 0.016 மி.மீ. வரை அறிந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நான்கு சிலிண்டரிலும் அடியில் இடைவெளி 0.60 மி.மீ. மேலே முதலாவதில் 0.80, இரண்டாவதில் 0.85, நான்காவதில் 0.80. அதாவது தேய்மானம் 0.064, 0.08, 0.064. அந்த என்ஜினின் கையேடு அனுமதித்த எல்லை 0.10. மூன்றும் தேறின. மூன்றாவது சிலிண்டரில் 0.90. வகுத்தால் 0.095. எல்லையின் வாசற்படியில்.

இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. ரிங் சுற்றளவைத்தான் சொல்லும். சிலிண்டர் கோழிமுட்டை போல நீண்டிருக்கிறதா என்று சொல்லாது. சிலிண்டர்கள் வட்டமாகத் தேய்வதில்லை, கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளும் பக்கத்தில்தான் அதிகம் தேயும். அதனால் அண்ணனிடம் போர் கேஜை ஒரு மாலைக்கு இரவல் கேட்டேன். அவர் கேஜைக் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்தார். நான் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குனிந்து அளந்தார். மூன்றாவது சிலிண்டர், நீளவாக்கில் 0.08. தள்ளும் பக்கத்தில் 0.11.

"நூத்துல ஒரு பங்கு மி.மீ. தாண்டிடுச்சு தம்பி," என்றார். "ஒண்ணு போனா நாலும் போரிங்தான். அது உனக்கே தெரியும்." தெரியும். ஒரு சிலிண்டரை மட்டும் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் பிஸ்டன் எடை மாறலாம், பெரும்பாலான பட்டறைகள் அதைச் செய்யத் தயங்கும். ஒரே ஒரு சிலிண்டரில், ஒரே ஒரு பக்கத்தில், 0.01 மி.மீ.க்காக என்ஜினை இறக்கி, நான்கையும் கடைந்து, நான்கு புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஹெட் இல்லாத என்ஜினின் மேல் துணியைப் போர்த்திவிட்டு அந்த 0.11-ஐத் திரும்பத் திரும்ப யோசித்தேன். எல்லை என்று கையேட்டில் போட்டிருப்பது எதற்கு? சரிசெய்த என்ஜின் மறுபடி ஒரு முழு ஆயுள் ஓடும் என்று தயாரித்தவர் பொறுப்பேற்கும் கோடு அது. 0.10-ல் ஓடும் என்ஜின் 0.11-ல் நின்றுவிடாது. வட்டம் கெட்ட சிலிண்டரில் புது ரிங் எல்லா இடத்திலும் ஒட்டி உட்காராது, கொஞ்சம் வாயு கசியும், கொஞ்சம் ஆயில் எரியும், ஆயுள் குறையும். எனக்கு இன்னொரு இரண்டு லட்சம் கி.மீ. வேண்டாம். நான்கு வருடம், 40,000 கி.மீ. போதும். மேலும், அந்த மூன்றாவது சிலிண்டர் இவ்வளவு தேய்ந்ததற்கு உறைந்துபோன ரிங்கும் ஒரு காரணம் என்று நினைத்தேன். ரிங்கைத் தாண்டிக் கீழே பாயும் சூடான வாயு, சுவரில் உள்ள ஆயில் படலத்தை எரித்துவிடும். ரிங் சரியானால் அந்த வேகத்தில் இனித் தேயாது.

விடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். ரிங் மட்டும் மாற்றப் போகிறேன் என்றேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. "சரி. எவ்ளோ தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சுதானே செய்யுற. நான் வேண்டாம்னு சொல்றது தெரியாம செய்யுறவங்களுக்கு," என்றார். இரண்டு வருடம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு முன்பு வரை எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வாக்குவாதம் முழுசா பாதியா என்பது பற்றியது என்றே நினைத்திருந்தேன்.

எதில் மிச்சம் பிடித்தேன், எதில் பிடிக்கவில்லை

மெயின் பேரிங்குகளைத் தொடவில்லை, ஆயில் அழுத்தம் நன்றாக இருந்ததால். கிராங்க்கை அரைக்கவில்லை, பேரிங்குக்குள் சுழலும் அதன் ஜர்னல்களில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு எதுவும் இல்லை. பிஸ்டன்களையும் மாற்றவில்லை. ரிங் பள்ளங்களில் உறைந்த கரியை, பழைய ரிங்கை இரண்டாக உடைத்து அதன் முனையால் சுரண்டினேன், அலுமினியத்தைக் கீறிவிடாமல் பொறுமையாக. ஒரு பிஸ்டனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு புது ரிங்கைப் பள்ளத்தில் வைத்து மேல்கீழ் ஆட்டம் எவ்வளவு என்று அளந்தேன். அது எல்லைக்குள் இருந்தது. பள்ளமே அகன்றிருந்தால் என் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும், புது ரிங் ஆடி ஆடி உடைந்துவிடும்.

கனெக்டிங் ராட் பேரிங்குகளை மாற்றினேன். இரண்டில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. மேல்பகுதியைப் புதுசாக்கிக் கீழே பழசை விட்டால் சீக்கிரமே தட்டும் சத்தம் வரும் என்பது மெக்கானிக்குகளின் அனுபவம். புதுசைப் போட்டு, பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய நூலை நசுக்கி அதன் அகலத்தைப் பார்த்து இடைவெளியை உறுதி செய்தேன். ஒவ்வொரு ராட் மூடிக்கும் அதனதன் ராடோடு எண் போட்டு வைத்திருந்தேன். மூடி மாறினாலோ திரும்பினாலோ துளையின் வட்டமே கெட்டுவிடும்.

ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவில்லை. அந்த என்ஜினில் அவை டார்க் (அளந்து வைக்கும் இறுக்கம்) வைத்த பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்பி இறுக்கும் வகை. ஒருமுறை இறுக்கும்போதே நிரந்தரமாக நீண்டுவிடும். பத்துப் போல்ட்டில் மிச்சம் பிடித்து ஹெட் கேஸ்கெட்டைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது. ஹெட்டின் மட்டத்தை நேர்விளிம்பு வைத்துப் பார்த்தேன், 0.04 மி.மீ., எல்லை 0.05. வால்வுகளைப் பேஸ்ட் தடவிக் கையாலேயே உட்காரவைத்து, சீல்கள் எல்லாம் புதுசு போட்டேன்.

நான் மிக அஞ்சிய வேலை ஹோனிங், அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது. பளபளவென்று வழுக்கிக் கிடக்கும் சுவரில் 45 பாகையில் குறுக்குக் கோடுகள் விழ வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், புது ரிங் அதில் உரசித்தான் உட்காரும். (வார்ப்பிரும்புச் சுவர் என்பதால் செய்தேன். நிக்கல் பூச்சுள்ள அலுமினியச் சிலிண்டரில் இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது.) ஹோன் கல்லிலிருந்து உதிரும் பொடி பேரிங்குக்குள் ஒரு துளி போனாலும் எல்லாம் பாழ். பிளாக்கை வெளியே எடுத்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். காருக்குள்ளேயே இருப்பதால் கிராங்க் ஜர்னல்கள் ஒவ்வொன்றையும் ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக் கட்டினேன். ஒரு சிலிண்டர் முடிந்ததும் சுடுநீரும் சோப்பும் தோய்த்த துணியால் துடைத்தேன். பெட்ரோலால் துடைத்தால் பொடி அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், சோப்புதான் அதைத் தூக்கி வெளியே கொண்டுவரும். கழுவிய உடனே ஆயில் தடவினேன், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும். வெள்ளைத்துணியில் சாம்பல் நிறம் வராத வரை துடைத்தேன். ஹோனிங்குக்கு ஆனது சிலிண்டருக்கு அரை நிமிடம். துடைப்பதற்கு ஒரு முழு நாள்.

புது ரிங்குகளை அடையாளம் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி போட்டு, முனைகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் தள்ளி வைத்தேன். மூன்றாவது சிலிண்டரின் மேற்பகுதியில் புது ரிங்கின் இடைவெளி 0.55. கையேட்டின் எல்லை 0.70. எல்லாம் மாட்டி முடித்து, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். அசெம்பிளியில் தடவியிருந்த ஆயில் எரிந்து முதல் சில நிமிடம் புகை கொட்டியது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது. ஐட்லிங்கில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே சாலைக்குக் கொண்டுபோனேன். புது ரிங் உட்கார அழுத்தம் வேண்டும், அழுத்தம் பாரத்தில்தான் வரும். மிதிப்பதும் விடுவதுமாக 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன்.

3000 கி.மீ.க்குப் பிறகு மறுபடி கம்ப்ரஷன் பார்த்தேன். 175, 170, 160, 170. இப்போது 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு லிட்டர் ஆயில் 5000 கி.மீ. வரை வருகிறது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுக் கருப்பாகத்தான் இருக்கிறது. கடைசியாக அளந்தபோது அதில் 155.

இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு பானட்டின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ரிங் இடைவெளி, போர் கேஜ் அளவு, மாற்றியது, மாற்றாமல் விட்டது எல்லாமே. காரை என்றைக்காவது விற்றால் வாங்குபவர் அந்த 0.11-ஐப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். சென்ற மாதம் ஆயில் மாற்றும்போது அண்ணன் அந்தத் தாளை நின்று படித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாவது சிலிண்டரின் வரிசையில் 155-க்குக் கீழே அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டு, பக்கத்தில் அளவு எழுத இடம் விட்டார். "கேஜைக் கொண்டா, பாத்துடலாம்," என்றார்.